மாவு பொங்காத மலையில் பன்னிரண்டு நாள்

மே 4, 2024, சனி

முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் பாடம் நடத்தியவள், ஓய்வு பெற்ற முதல் கோடையில் ஒன்றுமே செய்யக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். என் கணவருடன் வேலை பார்த்த ஒருவருக்குக் கோத்தகிரியில் ஒரு வீடு இருக்கிறது. கோடநாடு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில். பன்னிரண்டு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். பாத்திரம் பண்டம் எல்லாம் அங்கேயே உண்டு. நான் இரண்டு புத்தகமும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வைத்தேன். சாய்வு நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் கணவர் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.

அக்னி நட்சத்திரம் இன்றுதான் ஆரம்பம். கோயம்புத்தூரில் ஒரு வாரமாக இரவு பதினொரு மணிக்கும் படுக்கையறைச் சுவரில் கை வைக்க முடியவில்லை. மேலேயும் பெரிய ஆறுதல் இல்லை என்றது பேப்பர்: ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் 29 டிகிரி, இதுவரை பதிவானதிலேயே அதிகம். ஊட்டிக்கே மின்விசிறி தேவைப்படும் காலம் வந்துவிட்டது. இருந்தாலும் 29, நாற்பது அல்லவே.

மேட்டுப்பாளையம் தாண்டி வலப்பக்கம் பிரிந்து ஏறினால் குஞ்சப்பனை சோதனைச்சாவடி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்களிடம் எவர்சில்வர் பாட்டில்தான் என்றதும், பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பையனைப் பார்ப்பதுபோல் அந்தக் காவலர் என்னைப் பார்த்தார். சாலையோரத்தில் பலாப்பழம் குவித்திருந்தார்கள். பலா பழுக்கும் மாதங்களில் யானைகளும் இந்தப் பக்கம் வந்துவிடும் என்பதால் வண்டியை நிறுத்தி வாசம் பிடிக்கக் கணவர் சம்மதிக்கவில்லை.

வீடு நன்றாக இருந்தது. ஓட்டுக் கூரை, சிவப்புத் தரை, முன்னால் ஒரு திண்ணை, அதன் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. சாவியைக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். படுகர் வீட்டுப் பெண்மணி, என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சாவியோடு ஒரு கூடை மேரக்காயையும் கொடுத்தார். கோவையில் நாங்கள் சௌசௌ என்று வாங்கும் அதே காய். வேலி முழுக்கக் காய்த்துத் தொங்குவதால் யார் வந்தாலும் கொடுத்துவிடுகிறார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். தொட்டி ஆயிரம் லிட்டர். இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்."

இரண்டு பேருக்கு.

மே 5, ஞாயிறு

கோவையிலிருந்து கொண்டுவந்த மாவு நேற்று இரவு தோசையோடு தீர்ந்துவிட்டது. இரவே நனைத்து வைத்த அரிசியையும் உளுந்தையும் காலையில் மிக்சியில் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, சமையலறை மேடையில் மூடி வைத்தேன். ராத்திரிக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி என்று திட்டம். சாயங்காலம் திறந்து பார்த்தால், வைத்தது வைத்தபடி இருந்தது. கரண்டியால் கிளறினேன். ஒரு குமிழி இல்லை. மோந்து பார்த்தேன். பச்சை அரிசி மணம். நான் இழுத்த கோலம்கூட மேலே கலையாமல் இருந்தது.

தேங்காய் எண்ணெயும் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதை எடுத்து அடுப்பருகே வைத்தபோதுதான் மண்டையில் உறைத்தது: எண்ணெய்க்கே இந்தக் கதி என்றால் மாவு என்ன செய்யும்?

ராத்திரி உப்புமா. தொட்டுக்கொள்ள மேரக்காய்க் கூட்டு.

மே 6, திங்கள்

இந்தப் பன்னிரண்டு நாளில் நான் ஓய்வெடுத்த நாள் இது ஒன்றுதான் என்பது அன்று எனக்குத் தெரியாது.

காலையில் கன்னேரிமுக்கு போனோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து கட்டிய பங்களா அங்கே இருக்கிறது. புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டியை ஊராக்கியவர் அவர்தான் என்றாலும் முதலில் வீடு கட்டிக் குடியேறியது கோத்தகிரிப் பக்கம். கோத்தர்கள் வாழும் மலை என்பதுதான் கோத்தகிரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. கோவை வெயிலுக்குப் பயந்து மலையேறியவர்களில் அந்த மனிதர் எங்களுக்கு மூத்தவர் என்று கணவரிடம் சொன்னேன். உள்ளே பழைய படங்கள், படுகர், தோடர், கோத்தர் பற்றிய குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. சல்லிவனுக்கு இங்கே யார் சமைத்துப் போட்டார்கள் என்று தேடினேன். கண்ணில் படவில்லை.

மத்தியானம் திண்ணையில் அறுபது பக்கம் படித்தேன். காற்றில் தேயிலைத் தொழிற்சாலை வாசம், வறுத்த வைக்கோல் மாதிரி. கணவர் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கினார். ஒரு கரிச்சான் குருவி வேலிக்கும் கம்பிக்கும் போய்ப் போய் வந்தது.

ஐந்து மணிக்கு மதுரையிலிருந்து நாத்தனார் போன்.

"அண்ணி, அங்கே ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிராமே?"

கணவர் நேற்று குடும்பக் குழுவில் மப்ளரோடு ஒரு படம் போட்டிருக்கிறார்.

"அம்மாவுக்கு இங்கே வெக்கை தாங்கவில்லை. நாளைக்குக் கிளம்பி வருகிறோம். நீங்கள் ஒன்றும் சிரமப்பட வேண்டாம், இட்லி மட்டும் போதும்."

மே 7, செவ்வாய்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அமலுக்கு வந்தது இன்றைக்குத்தான். எத்தனை வண்டி என்ற உச்சவரம்பு கிடையாது, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்றே நான் போனில் சொன்னேன். மாப்பிள்ளை, அதாவது நாத்தனாரின் கணவர், அருகிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. "நம் நாட்டில் முதல் நாளே எதையாவது அமல்படுத்தியிருக்கிறார்களா அண்ணி?"

அமல்படுத்தியிருந்தார்கள். குஞ்சப்பனையில் ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். அங்கேயே போனில் பதிவு செய்துகொள்ளலாம் என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் போனில் சிக்னல் இல்லை. மகனின் போனில் சார்ஜ் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த மகள் தன் போனில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதற்குள் ஒன்றே கால் மணி நேரம். என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர், சாவடிக்காரர்களுக்குத் தன் கையிலிருந்த சீடை டப்பாவைத் திறந்து நீட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்களாம். "நல்ல பிள்ளைகள், வெயிலில் நிற்கிறார்கள்" என்பதுதான் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை. மாப்பிள்ளை வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஏழு பேர். ராத்திரிக்குச் சப்பாத்தி, நாற்பத்திரண்டு. நான் இட்டேன், நாத்தனார் சுட்டாள். இதைச் சொல்லியாக வேண்டும்: அவள் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பவள் இல்லை. ஆனால் நாலைந்து நாளாவது சமையலறைக்குப் போகாமல் இருக்கலாம் என்று அவளும்தான் மலையேறி வந்தாள். அதை நாற்பதாவது சப்பாத்தியில்தான் சொன்னாள்.

இன்று காலை மறுபடியும் மாவு அரைத்திருந்தேன். வெந்தயம் கூடுதலாகப் போட்டு, பாத்திரத்தைக் கணவரின் மப்ளரால் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கி வைத்திருக்கிறேன்.

மே 8, புதன்

பொங்கவில்லை.

தொட்டியும் காலியாகிவிட்டது. மலை என்றால் தண்ணீர் கொட்டும் என்ற எண்ணம் கீழேயிருந்து வருகிற எல்லோருக்கும் இருக்கிறது. வரும்வரை எனக்கும் இருந்தது. மலையில் விழும் மழை, மலையில் நிற்பதில்லை. ஓடி இறங்கி நம் ஊருக்குத்தான் வருகிறது. சோலையும் ஊற்றும் இருக்கிற இடத்தில் கொஞ்சம் தங்கும். மற்ற சரிவெல்லாம் தேயிலையும் வீடும் ஆன பிறகு மே மாதத்தில் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாப்பிள்ளைக்கு இது தெரியாது. கீசரைப் போட்டுக்கொண்டு பாட்டோடு அரை மணி நேரம் குளித்தார். வீட்டு மாப்பிள்ளையிடம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யார் சொல்வது? கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் ஒரு சொம்பு வெந்நீரில் முகம் கை கால் கழுவி, மிச்சத்தைத் திண்ணையோர ரோஜாச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவின் மகன் ஏற்பாடு செய்த பிக்கப் வண்டியில் இரண்டாயிரம் லிட்டர் வந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய். தொட்டியில் ஆயிரம்தான் பிடிக்கும். மீதியைக் குடம், அண்டா, குக்கர், பால் பாத்திரம் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் பிடித்தோம். அதற்குமேல் மிஞ்சியதை அக்கா வீட்டுத் தொட்டியில் விட்டோம். பதிலுக்கு அவர் கொடுத்தது மேரக்காய்.

மே 9, வியாழன்

என் சிநேகிதி, இருபது வருடம் பக்கத்து வகுப்பறையில் கணக்கு நடத்தியவள், இப்போது சென்னைவாசி. அவளும் கணவரும் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள். கண்காட்சி நாளைதான் தொடக்கம். விடுதி அறைக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் கேட்டார்களாம். "உன் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய் போட்டால் போதும்" என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம் என்பதை மாப்பிள்ளையிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஒன்பது பேர். ஆனால் இவள் வந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. வந்த அரை மணியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினாள். யார் எப்போது குளிப்பது, எத்தனை வாளி, யார் பாத்திரம் கழுவுவது. ஆண்கள் பெயரும் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு வாளி, மதியம் இரண்டு மணி. அந்நியப் பெண்மணி எழுதியதால் மறுபேச்சில்லை. என் கணவர் தன் பெயருக்கு நேரே "பாத்திரம், இரவு" என்று இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். இரண்டு விதத்திலும் அப்படித்தான் இருந்தது.

மாலை நாலு மணிக்குக் கடைவீதியில் வர்க்கி வாங்கினோம், கால் கிலோ ஐம்பது ரூபாய். ஊட்டி வர்க்கிக்குப் போன வருடம் புவிசார் குறியீடு கிடைத்தது. டீயில் நனைக்கும் நேரம்தான் சூட்சுமம். ஒரு நொடி கூடிப்போனால் டம்ளருக்குள் விழுந்துவிடும். மாமியார் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மே 10, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு காலை ஒன்பதரைக்கு. நாத்தனார் மகள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். வீட்டுக்குள் சிக்னல் வராது. சாலைக்குப் போகும் வழியில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் நின்றால் வரும். ஒன்பது மணிக்கு ஊர்வலமாகக் கிளம்பினோம்.

பாறைக்கு முன்னால், பாதையின் நடுவில், காட்டு மாடு நின்றது.

படத்தில் பார்ப்பது வேறு. நேரில், தோள் உயரமே ஓர் ஆள் உயரம். கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல. மேயவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எங்களைப் பார்த்து மூச்சு விட்டது. அந்த மூச்சு புகையாகத் தெரிந்தது. மாப்பிள்ளை கைதட்டி விரட்டப் போனார். தேயிலைக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல்: "தட்டாதீர்கள்! அப்படியே பின்னால் வாருங்கள். அதற்கு இது வழி. போய்விடும்."

அது போகவில்லை. மணி ஒன்பதரை. ஒன்பது நாற்பது. பெண் அழ ஆரம்பித்தாள். அக்கா வந்து அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மகன் வீட்டில் இணைய இணைப்பு வைத்திருக்கிறான். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில். இத்தனை நாளும் நாங்கள் பாறை ஏறிக்கொண்டிருந்தோம்.

நானூற்று அறுபத்தெட்டு. சமூக அறிவியலில் தொண்ணூற்றாறு. "அத்தை, நாலு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அக்கா சர்க்கரை டப்பாவைத் திறந்து எல்லோர் வாயிலும் ஒரு ஸ்பூன் போட்டார். அவர் வீட்டு நடுவறையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு பரண். பரணைப் பார்த்ததும் எனக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது.

"அக்கா, உங்கள் வீட்டில் இட்லி மாவு பொங்குமா?"

"பொங்கும். வெள்ளிக்கிழமை அரைத்தால் ஞாயிற்றுக்கிழமை இட்லி."

ஆறு நாளாக நான் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதான் பதில். இரண்டு இரவு. கோவையில் எட்டு மணி நேரத்தில் நடப்பதற்கு இங்கே இரண்டு இரவு வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் முதல் இரவோடு பொறுமை இழந்து தோசையாக ஊற்றிவிட்டேன்.

மாலை ஆலங்கட்டியோடு மழை. முதலில் ஓட்டின்மேல் யாரோ கூழாங்கல் எறிவதுபோல் சத்தம், பிறகு பேச்சே கேட்கவில்லை. பிள்ளைகள் கிண்ணத்தில் ஆலங்கட்டி பொறுக்கினார்கள். நாங்கள் கூரை விளிம்பின் கீழ் அண்டாவை வைத்தோம். அக்காவுக்கு மட்டும் முகம் வாடியது. ஆலங்கட்டி விழுந்தால் கொழுந்து கிழிந்துவிடும். "மழையும் வேண்டும், இது வேண்டாம்" என்றார். பச்சைத் தேயிலை கிலோவுக்கு இருபது ரூபாயைச் சுற்றித்தான் கிடைக்கிறதாம். பறிக்கிற கூலி, உரம் போக அதில் என்ன மிஞ்சும் என்று அவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். நாலு நாலரைக் கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ தூள். அந்தத் தூளைக் கடையில் நான் என்ன விலைக்கு வாங்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 11, சனி

கோடநாடு காட்சிமுனை. இரண்டு வண்டி, ஒன்பது பேர், நாலு வகைக் கட்டுச்சாதம். எலுமிச்சை, புளி, தயிர், அப்புறம் யாரும் தொடாத மேரக்காய்ச் சாதம். அது என் கண்டுபிடிப்பு. அதைப் பற்றி இனி பேசுவதாக இல்லை.

முனையில் நின்றால் நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே நேர்ப்பள்ளத்தில் மாயாறு, பழுப்பான சமவெளி, ஒரு பக்கம் ரங்கசாமி மலை. பச்சைக் கட்டமாகத் தெரிந்தது தெங்குமரகடா. அந்த ஊரும் நீலகிரி மாவட்டம்தான், இதே கோத்தகிரிப் பக்கம்தான். ஆனால் இங்கிருந்து போவதென்றால் மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகரைச் சுற்றி, காட்டு வழியில் போய், கடைசியில் மாயாற்றைக் கடக்க வேண்டும். கத்தினால் கேட்கும்போல் இருக்கிறது, போய்ச் சேர அரை நாள். வகுப்பாக இருந்தால் இதை வைத்தே ஒரு பாடம் நடத்தியிருப்பேன். பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

வழியில் ஒரு பாட்டி தவிட்டுப் பழம் விற்றார். ஒரு டம்ளர் இருபது ரூபாய். கருநீலமாக, விரல் நுனி அளவில், வாய்க்குள் மாவாகக் கரைகிறது. ஒன்பது பேரும் நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். மாமியாரின் நாக்குத்தான் அதிக நீலம்.

மே 12, ஞாயிறு

வெள்ளிக்கிழமை இரவு அரைத்த மாவு. ஆனால் அதற்கு நடுவில் ஒரு சம்பவம்.

நான் கரண்டியால் கரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கையால் கரைத்தாயா?" என்றார். இல்லை அத்தை, மாவு ஜில்லென்று இருக்கிறது என்றேன். "அதனால்தான்" என்று சொல்லிப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டு, வலது கையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, துடைத்து, மாவுக்குள் இறக்கினார். எண்பத்திரண்டு வயதுக் கை. தோல் மெலிந்து நரம்பெல்லாம் மேலே தெரியும் கை. அடியிலிருந்து வாரி மேலே கொண்டுவந்து விரல்களை விரித்து விடுவார். மாவு நாடா நாடாவாக விழும். மறுபடி அடிக்குப் போகும். உப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே போட்டார். கால் மணி நேரம் பேசவில்லை. கை ஆறியதும் வெந்நீரில் வைத்து மறுபடியும். முப்பது வருடமாக இந்தச் சமையலறைக் கலையில் எனக்கும் அவருக்கும் சின்னச் சின்னத் தகராறு உண்டு. அன்று நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அது நேராக அக்கா வீட்டுப் பரணுக்குப் போயிற்று.

இன்று காலை திறந்தபோது இரண்டு விரற்கடை எழும்பியிருந்தது. பொங்கி வழியவில்லை; எழும்பியிருந்தது. ஒன்பது பேரும் சமையலறை வாசலில் நின்றார்கள். இட்லி தட்டையாகத்தான் வந்தது. வட்டத் தட்டில் வைத்த அடை மாதிரி. ஆனால் புளிப்பு இருந்தது, ஓட்டை இருந்தது, இட்லி என்று சொல்லிப் பரிமாறும் அளவுக்கு இருந்தது. "என் கை" என்றார் மாமியார். "என் பரண்" என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். வெந்தயத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை பதினொன்று சாப்பிட்டார். தன் தட்டோடு மற்ற எட்டுத் தட்டையும் அவரே கழுவினார். அட்டவணையில் அவர் பெயர் இல்லாத வேளை அது.

மே 13, திங்கள்

சிநேகிதியும் கணவரும் காலை பஸ்ஸில் ஊட்டி போனார்கள். அட்டவணையைச் சுவரிலேயே விட்டுவிட்டாள்.

மழை. சீட்டு. மழை. இரவே மறுபடியும் அரைத்தேன், ஒன்பது பேர் அளவுக்கு. பழக்க தோஷம்.

மே 14, செவ்வாய்

மதுரைக்காரர்கள் புதன்கிழமை கிளம்புவதாகத்தான் பேச்சு. மாப்பிள்ளைக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டார்கள். வண்டி நிறைய கேரட், மேரக்காய், தேயிலைத் தூள். மாமியார் ரோஜாச் செடியைத் தடவிக் கொடுத்துவிட்டு ஏறினார். நாத்தனார் என்னை ஓரமாக இழுத்து, "அடுத்த தடவை நாம் இரண்டு பேர் மட்டும் வரலாமா அண்ணி? யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றாள். சம்மதித்தேன். இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவள் கணவர் படிப்பார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. புத்தகத்தை எடுத்தேன். அறுபத்தொன்றாம் பக்கம். நாலு வரி படித்துவிட்டு, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க எழுந்து போனேன். நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயில் இன்றைக்குத் தண்ணீர் முறை. கூடவே மழைத் தண்ணீரில் அண்டாவெல்லாம் நிறைந்து கிடந்தது. குளிக்க ஆள் இல்லை.

இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில். ராகிக் களியும் அவரை போட்ட குழம்பும், உதக்க என்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே இடித்த மசாலாத் தூளின் மணம் மூக்கில் ஏறியது. நடுவறை அடுப்பருகே உட்கார்ந்து சாப்பிட்டோம். கையைக் கழுவக்கூட எழுந்திருக்க மனமில்லை. பன்னிரண்டு நாளில் வேறொருவர் சமைத்து நான் சாப்பிட்ட ஒரே வேளை. இரண்டாம் முறை களி போட வந்தபோது வேண்டாம் என்று சொல்லாததைக் கணவர் கவனித்தார்.

மே 15, புதன்

காலையில் மாவைப் பார்த்தேன். பரணில் இடம் கேட்கக் கூச்சப்பட்டு இந்த முறை எங்கள் சமையலறையிலேயே விட்டிருந்தேன். ஒரு விரற்கடை. எங்கள் இரண்டு பேருக்கு நாலு தோசை ஊற்றியது போக, ஒன்பது பேர் மாவு அப்படியே இருந்தது. கொட்ட மனமில்லை. பெரிய தூக்குப் பாத்திரத்தில் கழுத்துவரை ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, டிக்கியில் வைத்துவிட்டேன். பக்கத்தில் வர்க்கிப் பொட்டலம், உருளைக்கிழங்கு மூட்டை, துணிப்பை. அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் கையில் கூடை. நான் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு மேரக்காய்.

குஞ்சப்பனை தாண்டி இறங்க இறங்க ஒவ்வொரு வளைவிலும் ஒரு துணி குறைந்தது. முதலில் மப்ளர், அப்புறம் ஸ்வெட்டர். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்தினோம். நிழலில் இடம் கிடைக்காமல் வண்டி ஒரு மணி நேரம் வெயிலில் நின்றது. சாப்பாடு நூற்று இருபது ரூபாய், அப்பளம் தனி. காரமடை நெருங்கும்போது கணவர் மூக்கை உறிஞ்சினார். "ஏதோ புளித்த வாடை" என்றார். பக்கத்து வண்டியாக இருக்கும் என்றேன்.

வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்தோம்.

மூடி ஒரு மூலையில் கிடந்தது. தூக்குப் பாத்திரத்தின் வாயில் மாவு வெள்ளைக் குடை மாதிரி எழும்பி, வழிந்து, வர்க்கிப் பொட்டலத்தை மூடி, உருளைக்கிழங்குகளுக்கு நடுவில் இறங்கி, கணவரின் மப்ளரில் போய்த் தேங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு குமிழி பெரிதாகி உடைந்தது. பஞ்சு மாதிரி மாவு.

கணவர் தண்ணீரும் துணியும் எடுத்துவர உள்ளே போனார். நான் இட்லிப் பானையை எடுத்துவரச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.